பழைய பொந்துக்குப் போற கோடு

குளத்துக்கரை எறும்புக் கூட்டம் அன்னைக்குக் காலையிலதான் குடி மாறுச்சு. பழைய பொந்துல மழைத்தண்ணி ஏறிடுச்சு. மேட்டுல புதுசா ஒரு புத்து கட்டியாச்சு.

எறும்புக்குக் கண்ணு பேருக்குத்தான். தரையில வாசனைக் கோடு இருந்தா மோந்துக்கிட்டே அது பின்னாடி போகும். அவ்வளவுதான் அதோட புத்தி!

குருணிங்கிற எறும்பு, குடி மாறுறப்ப பாறை இடுக்குல ஒதுக்கி வச்சதுல மிச்சம் இருந்த கடைசி முட்டையைக் கவ்விக்கிட்டுக் கிளம்புச்சு. ‘வீடு’ன்னு ஒரு கோடு மணந்துச்சு. அது பின்னாடியே போச்சு. போனா, பழைய பொந்து! உள்ள தண்ணி தளும்புது.

“அடச்சே, தப்பா வந்துட்டோம்!”

பாறைக்குத் திரும்புச்சு. மறுபடி ‘வீடு’ன்னு மணந்துச்சு. மறுபடி போச்சு. மறுபடி அதே பொந்து!

குருணிக்குத் தலை கிறுகிறுன்னு வந்துச்சு. ‘நான்தான் சுத்துறேனா? இல்ல, இந்தப் பொந்து என் பின்னாடியே நடந்து வருதா?’

மூணாந்தடவை போனப்ப பொந்து வாசல்ல ஒரு தேரை குந்தியிருந்துச்சு.

“வா தாயி, வா! இன்னைக்கு நீ அஞ்சாவது ஆளு!”

குருணி முட்டையைக் கீழ வச்சிட்டுக் கேட்டுச்சு. “மத்த நாலு பேரு எங்க?”

தேரை ஏப்பம் விட்டுச்சு.

குருணி முட்டையைத் தூக்கிக்கிட்டு எடுத்துச்சு ஓட்டம்! கோட்டையும் பார்க்கல, வாசனையும் பார்க்கல. ஏத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஏறுச்சு. ஒருவழியா புத்து வந்துச்சு.

வாசல்ல, கோடு போடுற மேஸ்திரி கொடுக்கன் மீசையை நீவிக்கிட்டு நின்னாரு.

“யோவ் மேஸ்திரி! கோடு தப்பாப் போயி நாலு பேரு செத்துட்டாங்கய்யா!”

“வாய அடக்குடி! பதினேழு புதுக் கோடு போட்டேன். பதினேழையும் நானே நடந்து பார்த்தேன். ஒண்ணுல குத்தம் சொல்லு!”

“பழைய கோட்டைப் பார்த்தீரா?”

“அதை எதுக்குடி பார்க்கணும்? வீட்டையே விட்டாச்சே!”

“நீரு வீட்டை விட்டீரு. கோடு உம்மை விட்டுச்சா?”

“இந்தா, கூட வா! நடந்தே காட்டுறேன்!”

பாறை வரைக்கும் ஜோரா நடந்தாரு. அங்க பழசும் புதுசும் ஒண்ணுபோலவே ‘வீடு’ன்னு மணந்துச்சு. பதினேழு கோடு போட்ட மகராசன், நேரா பழைய பொந்துக்கே போனாரு! தேரையோட நாக்கு ‘சப்’புன்னு வந்துச்சு. குருணி அவரு காலைப் பிடிச்சு இழுத்ததால உயிர் தப்புச்சு. ஒரு பக்க மீசை போச்சு.

“நான் போட்ட கோடுதான்டி இது! போன வருஷம் போட்டது!” மேஸ்திரி முழிச்சாரு. “இன்னும் எத்தனை கிடக்குதோ, எனக்கே தெரியலையே!”

“எழுந்திரியும்! ஒவ்வொரு கோட்டையும் கடைசி வரைக்கும் மோந்து பார்ப்போம். பொந்துப் பக்கம் திரும்புனா அங்கேயே மண்ணைத் தள்ளி மூடுவோம்.”

அன்னைக்குப் பூரா கூட்டமே தேடுச்சு. மொத்தம் முப்பத்தொரு பழைய கோடு கிடைச்சுது. அந்த நாலு பேருதான் கிடைக்கல.

புது வீட்டுக்கு வழி போட்டா மட்டும் பத்தாது, பழைய வீட்டுக்குப் போற வழி எதுவும் மிச்சமில்லன்னு தேடிப் பார்த்து அழிச்சாத்தான் குடி மாறுனதா அர்த்தம்.