பள்ளிக்கூட பஸ்ஸுக்கு எஃப்.சி.

கூத்தைக் கேளுங்கள்! பள்ளி பஸ் டிரைவர் பிச்சைமுத்துவின் அதே பள்ளியில் படிக்கும் மகள் பொற்கொடிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. பள்ளியே சோதித்து, "வெறும் சோம்பேறித்தனம், தனிப் பயிற்சி கிடையாது" என்று எழுதிவிட்டது.

"வெளி டாக்டர் ஒருத்தர் பாக்கட்டும் சார்" என்றார் பிச்சைமுத்து.

"எங்க பேப்பரே போதும்யா!" என்று கத்தினார் தாளாளர்.

மறுவாரம் பெற்றோர் கூட்டம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமலேயே, பஸ்ஸுக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, என்று ஒரு தாளை நீட்டினார் பிச்சைமுத்து. 'பிரேக் பிரமாதம். இப்படிக்கு, டிரைவர்.'

தாளாளர் குதித்தார். "நம்ம வண்டிக்கு நாமளே எழுதிக்கிட்டா செல்லுமாய்யா? வெளியாள் பாக்க வேணாம்?"

"வண்டிக்கே வேணும்னா, என் புள்ளைக்கு வேணாமா சார்?"

கூட்டம் விசிலடித்தது! வெளி டாக்டர் பார்க்க அனுமதி எழுதப் பேனா தேடினார் தாளாளர். பிச்சைமுத்து தன் பேனாவையே நீட்டினார்.