கழுதை ஏர்

சேந்தன் ஒரு காலத்தில் படைத்தலைவன். முப்பது வருஷத்துக்கு முன்னால் கொன்றைப்பாடிப் போரை வென்று கொடுத்தவன். அந்தப் போரில் தம்பியைப் பறிகொடுத்தான். பிறகு எந்த வெற்றியும் அவனுக்கு ருசிக்கவில்லை. வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மலைக்குகையில் தவமிருந்த அமுதவதி அம்மையிடம் சீடனாகச் சேர்ந்தான். குருவைவிடச் சீடனுக்குப் பத்து வயது அதிகம். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை அரண்மனை ஆள் வந்து போனான். சேந்தன் குருவின் முன்னால் போய் நின்றான்.

“ராஜா தன் தகப்பனார் பெயரில் வெற்றித்தூண் எழுப்புகிறாராம். ஆயிரம் வருஷம் நிற்குமாம். கொன்றைப்பாடியில் நடந்ததைச் சிற்பிக்குச் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள்.”

“போக ஆசையா?”

“தம்பி பெயரையும் வெட்டுவார்களாம். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவனை நினைக்க நான் ஒருவன்தான். என் காலத்துக்குப் பிறகு அவன் செத்ததற்கு என்ன அடையாளம் இருக்கும்? அந்தப் போர் நிலைத்தால்தான் அவனும் நிலைப்பான்.”

“நாளைக்குப் போகலாம். இன்றைக்குப் பிச்சைக்குப் போய் வா. கொன்றைப்பாடிக்கு.”

சேந்தனுக்கு முகம் வெளிறிவிட்டது. போர் முடிந்த பிறகு அந்தப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் குரு சொன்னால் மறுபேச்சு கிடையாது. திருவோட்டை எடுத்துக்கொண்டு மலை இறங்கினான்.

கொன்றைப்பாடியில் குளம் நிறையத் தண்ணீர் கிடந்தது. வயல் முழுக்க வெறும் கொள்ளு. முதல் வீட்டில் ஒரு பெண் வேகவைத்த கொள்ளுதான் கொண்டுவந்து போட்டாள்.

“இவ்வளவு தண்ணி கெடக்கே, நெல்லு போடலியாம்மா?”

“கழுதை உழுத மண்ணு சாமி இது. நெல்லு போட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க.”

“கழுதையா?”

“ஜெயிச்ச படை செஞ்ச வேலை. எங்களக் கேவலப்படுத்தணும்னு கழுதையப் பூட்டி ஊரை உழுது கொள்ளு வெதைச்சுட்டுப் போனாங்க. நான் அப்போ சின்னப் பொண்ணு.”

ஏர் பிடித்தவன் சேந்தன்தான். தம்பியைப் புதைத்த கையோடு பிடித்தான். சுற்றி நின்ற படை முழுக்கச் சிரித்தது.

“அந்தச் சண்டையில செத்தவங்க பேரு யாருக்காவது தெரியுமாம்மா?”

“ரெண்டு பக்கமும் ஏகப்பட்ட பேரு. அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? கழுதை உழுததுதான் அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் மறக்கவே இல்ல. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க குளத்தங்கரையோட திரும்பிட்டாங்க. இந்த ஊருல பொண்ணு எடுத்தா வம்சம் தழைக்காதாம். எங்க தெருவுல என்னை மாதிரி தாலி ஏறாதவங்க நிறையப் பேரு சாமி.”

அவள் பேச்சில் கோபமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

குகைக்குத் திரும்பியவன் திருவோட்டைக் குருவின் முன்னால் வைத்தான். கேட்டதையெல்லாம் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் விம்மி அழுதுவிட்டான்.

“எனக்குத் தூண் வேண்டாம் அம்மையே. தம்பி பெயரும் வேண்டாம். நாளைக்கே கொன்றைப்பாடிக்குப் போகிறேன். நான் யார் என்று சொல்லி அவர்கள் காலில் விழுகிறேன். நல்ல மாடு பூட்டி நானே உழுது, நெல் விதைக்கிறேன்.”

“கட்டாயம் போ. நெல் விளையும்.”

சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்போது எல்லாம் சரியாகிவிடும், இல்லையா?”

அம்மை ஒரு கை கொள்ளு எடுத்தார். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு இதைப் போட்டாளே சேந்தா, அவளுக்கு இப்போது என்ன வயது இருக்கும்?”