இரண்டாவது சுற்று

கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஆக்னஸ் என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது அவர் தொழில். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் வரதராஜுலு. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. சீடர் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். "இந்த வயசுல போய் யார்கிட்ட என்ன கத்துக்கப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். அதைக் காதில் வாங்காமல் கிளம்பி வந்தவர்.

அவர் ஆக்னஸை 'டீச்சர்' என்றார். ஆக்னஸ் அவரை 'அண்ணா' என்றார். இருவருக்கும் அது சரியாக இருந்தது.

அந்த வருஷம் வால்பாறையிலிருந்து தேவசேனாபதி என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து விட்டார். எட்டு சிலிண்டர். இன்ஜினே ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது.

"இது பத்தாதுங்க. மலை ஏறும்போது இன்னும் இழுக்கணும்" என்றார்.

ஆக்னஸ் அதை ஸ்ட்ரோக்கராக மாற்ற ஒத்துக்கொண்டார். பிளாக் என்கிற வெளிக்கூடு அதேதான். உள்ளே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்க்கை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டால், பிஸ்டன்கள் முன்னைவிட அதிக தூரம் போய்வரும். வண்டிக்கு இழுவை கூடும். ஆனால் வீடு அதே அளவில் இருக்க, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கைகால் நீண்டுவிட்டதுபோல ஆகும். எங்கே இடிக்கும் என்று பார்த்துப் பார்த்து இடம் விட வேண்டும்.

அந்த வேலையை ஆக்னஸ் வரதராஜுலுவிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ஒரு பந்தயத்துக்குப் போனார். சீடர் தனியாகக் கட்டும் முதல் இன்ஜின் அது. பிளாக்கின் உட்சுவரில் இடிக்கிற இடங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கிராங்க்கைப் பூட்டினார், பிஸ்டன்களை இறக்கினார், வால்வுகளைத் திறந்து மூடும் மேடுகள் கொண்ட தண்டான கேமை ஏற்றினார். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைப் பூட்டி மூடினார். கை துடைத்துக்கொண்டு தேவசேனாபதிக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு ஸ்டார்ட் பண்ணிரலாமுங்க. வாங்க."

"நண்பர்களையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார் அவர்.

மறுநாள் காலையில் ஆக்னஸ் வந்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இன்னும் பூட்டவில்லை. மேலிருந்து பார்த்தால் பிஸ்டன்கள் எட்டும் தெரிந்தன.

"சுத்திக் காட்டுங்கண்ணா."

வரதராஜுலு நீளக் கைப்பிடியைக் கிராங்க்கில் மாட்டிச் சுற்றினார். ஒரு சுற்று வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு சுத்து."

"அதேதானுங்களே டீச்சர்."

"சுத்துங்க."

பாதியில் நின்றது. அவர் தோளைக் கொடுத்து அழுத்தினார். அசையவில்லை.

"பிஸ்டன்ல புது ரிங்குங்க, இறுக்கமா இருக்குது. கைப்பிடியில பைப்பு சொருகி இழுத்தா வந்துரும்."

மூலையில் கிடந்த இரும்புப் பைப்பை எடுக்கத் திரும்பினார். ஆக்னஸ் வந்து, அவர் கையிலிருந்த நீளக் கைப்பிடியையும் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஒரு சாண் நீளக் கைப்பிடியைக் கொடுத்தார்.

வரதராஜுலுவுக்கு முகம் சுருங்கியது. நீளத்தில் வராதது குட்டையில் வருமா? ஆனாலும் வாங்கி மாட்டினார்.

"கொஞ்சம் பின்னால சுத்திட்டு, மறுபடி மெதுவா வாங்க."

குனிந்து இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். மூச்சு வாங்கியது. வந்தது, வந்தது, நின்றது. நின்றது உள்ளங்கையில் தெரிந்தது. இன்னொரு தரம் பின்னால் போய் வந்தார். அதே இடம்.

"ரிங்கு இறுக்கம்னா எப்படி இருக்கும்?" என்றார் ஆக்னஸ்.

"சுத்து பூரா ஒரே மாதிரி இருக்கும்."

"இது?"

"ஒரே எடத்துல நிக்குது. அதுக்கு முன்னால ஒண்ணுமில்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "எதையோ தொடுதுங்க."

இன்ஜினைக் கவிழ்த்து சம்ப்பைக் கழற்றினார்கள். விளக்கைப் பிடித்துப் பார்த்தார் வரதராஜுலு. ஏழாவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடு, கேமின் மேட்டில் தோள் சாய்ந்து நின்றது. தொட்ட இடத்தில் நகக்கண் அளவு பளபளப்பு.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். முதல் சுற்றில் ராடு வந்தபோது கேம் தன் பள்ளத்தைக் காட்டியது. இரண்டாவதில் மேட்டைக் காட்டியது. அவருக்குத் தெரியாத விஷயமில்லை.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பைப்பு போட்டு இழுத்திருந்தால் கேம் போயிருக்கும். அது தெரியாமலே ஓடவிட்டிருந்தால் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். இன்னொரு பிளாக்குக்கு எங்கே போவது? சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 

"ஓனருக்கு நீங்க சொல்றீங்களா டீச்சர்?"

"வாங்கன்னு சொன்னது நீங்கதானே?"

போன் செய்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் தேவசேனாபதி கேட்டார்.

"அப்படியே ஓட்டியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"மலையில பாதி வழில இன்ஜின் சிதறியிருக்குமுங்க."

"கொண்டை ஊசி வளைவுலயா?"

"எங்கன்னு சொல்ல முடியாதுங்க."

தேவசேனாபதி பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்ல வேளைங்க. பொறுமையாப் பண்ணுங்க. நண்பர்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

ராடைக் கழற்றி அதன் தோளை இழைத்தார். எடை குறைந்ததால் மற்ற ஏழு ராடுகளையும் அதே எடைக்குக் கொண்டுவந்தார். மறுபடி கோத்து, குட்டைக் கைப்பிடியால் இரண்டு சுற்று சுற்றினார். பிறகு யாரும் சொல்லாமலே இன்னும் இரண்டு.

அடுத்த வாரம், இன்ஜினை வண்டியில் ஏற்றிய பிறகு, தேவசேனாபதியும் நண்பர்களும் வந்தார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒருமுறை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த டீயில் வளையம் வளையமாக ஓடியது. தேவசேனாபதி வரதராஜுலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பொள்ளாச்சி ரோட்டைப் பார்த்து வண்டியை விட்டார். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை சீடர் வாசலிலேயே நின்றார்.

உள்ளே வந்து கேட்டார்.

"டீச்சர், கேம்லதான் இடிக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியாது."

"பின்ன ஏனுங்க அந்தக் குட்டைக் கைப்பிடியக் கொடுத்தீங்க?"

ஆக்னஸ் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"பலம் உங்ககிட்ட வேண்டிய மட்டும் இருந்துச்சுங்கண்ணா. கொஞ்சத்த வாங்கி வெச்சுக்கிட்டேன்."