நிறையாத மரத்தடி

காட்டு ஏரி வருஷத்துக்கு வருஷம் வற்றிக்கொண்டே வந்தது. அதில் மீன் பிடித்துப் பிழைத்த ஒரு தாய் நீர்நாய்க்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் அவள் பிள்ளைகள் இருவருக்கும் மூன்று வேளையும் மீன் கிடைத்தது. போன கோடையில் இரண்டு வேளை. இந்தக் கோடையிலோ ஒரே வேளை, அதுவும் வெறும் நண்டு!

நாரை, ஆமை என்று ஏரியை நம்பிய எல்லோருக்கும் இதே கதிதான். சிங்கராஜாவிடம் போய் முறையிட்டார்கள்.

"ஏரி வற்றியதால் வேலை இல்லாதவர்கள் தினமும் விடிந்ததும் பெரிய நாவல் மரத்தடிக்கு வாருங்கள். நரி பார்த்துச் சொல்லும். மரத்தடி நிறைந்த அன்று என் தானியக் கிடங்கைத் திறந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவேன்!" என்றது சிங்கம்.

மறுநாள் கூட்டம் கூடியது. நரி மரத்தைச் சுற்றி வந்தது.

"அந்த ஓரத்தில் இன்னும் இடம் இருக்கிறதே! நாளைக்குப் பார்க்கலாம்."

"பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள், அண்ணே!" என்றாள் நீர்நாய்.

"நான் என்னம்மா செய்வது? ராஜா வாக்கு அப்படி!"

நாளாக நாளாகக் கூட்டம் மெலிந்தது. ஆமையால் அவ்வளவு தூரம் நகர முடியவில்லை. நாரை குடும்பத்தோடு வேறு காட்டுக்குப் பறந்துவிட்டது. நீர்நாய் மட்டும் விடாமல் வந்து நின்றாள். சின்னவனுக்குத் தலை தொங்க ஆரம்பித்ததும் அவளும் வரவில்லை.

நரி குதித்துக்கொண்டு ஓடியது.

"ராஜா! மரத்தடி காலி! நம் காட்டில் வேலையில்லாதவர் ஒருவருமே இல்லை!"

சிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "தமுக்கு அடி! எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிடு!"

தமுக்கு அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். விருந்துக்கு வந்தது நரியும் அதன் மச்சானும்தான்!

மற்றவர்கள் எங்கே என்று பார்க்கச் சிங்கம் கிளம்பியது. ஏரிக்கரைக்கு ஓடியது. அங்கே நீர்நாய் சின்னவனை வாயில் கவ்விக்கொண்டு காட்டைவிட்டே போய்க்கொண்டிருந்தாள். மூத்தவன் பின்னால் தள்ளாடி வந்தான்.

"ஏனம்மா மரத்தடிக்கு வரவில்லை?"

நீர்நாய் பிள்ளையைக் கீழே கிடத்தினாள். "வந்து வந்து கால் தேய்ந்துவிட்டது, ராஜா! அங்கே வந்து நிற்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே!"

சின்னவனின் விலா எலும்புகள் தெரிந்தன. சிங்கம் வெட்கிப் போனது.

"நரியே! கஞ்சியை இங்கே தூக்கி வா!"

"ராஜா, மரத்தடி இன்னும் நிறையவில்லை..."

"ஓடு!"

முதல் சொட்டுக் கஞ்சி சின்னவனின் கடைவாயில் வழிந்துவிட்டது. நீர்நாய் அதைத் துடைத்துவிட்டாள். மறுபடி ஊற்றினாள். மெல்லத் தொண்டை அசைந்தது.

"விழுங்கிவிட்டான்!" என்று அலறினாள்.

அன்று முதல் நரி வளை வளையாகப் போய்க் கஞ்சி ஊற்றியது. பறந்துபோன நாரை மட்டும் திரும்பி வரவேயில்லை.

உதவி கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால், கஷ்டம் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.