ஓடைக்கரைக்குக் கொடுத்த குருவிகள்

"ஓடைக்கரைக்குப் பங்கு வைத்துக் கொடுத்த தகைவிலான் குருவிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை, மன்னா! தின்றானா, விற்றானா, தெரியவில்லை. கேட்டால் 'போயிருச்சுங்க' என்கிறான்!"

அவைப் பண்டிதர் பெருநம்பி இதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். கையில் விலங்கோடு நின்ற ஓடைக்கரை ஊர்த்தலைவன் மொக்கையனும் சொன்னதையே சொன்னான்.

"போயிருச்சுங்க சாமி. வருஷா வருஷம் போறதுதான்."

"எங்கேயடா போயிற்று?"

"அது எங்ககிட்ட சொல்லிட்டா போகுது?"

சிரிக்க வேண்டிய இடம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அவையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று.

நாடு என்று இருந்தால் அதை ஆட்டிப்படைக்க ராஜா என்று ஒருவரும் இருப்பாரே, அப்படி வெகுகாலத்துக்கு முன்னே அதியூர் நாட்டை ஆண்டவர் திண்தேரன். கெட்டவர் இல்லை. நினைத்தால் நினைத்ததுதான், அவ்வளவே. அவருடைய ஒரே மகள் அரும்பு, ஏழு வயதுக் குழந்தை, போன புரட்டாசியில் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து ராஜாவுக்கு ஒரே பிடிவாதம்: "இனி என் நாட்டைவிட்டு எதுவும் என்னைக் கேட்காமல் போகக் கூடாது." ஆற்றை அடைத்தார், கீழ்வயல் எல்லாம் காய்ந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதற்குக்கூட எல்லையில் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

ஐப்பசி பிறந்ததும், வால் கவையாகப் பிளந்து, பறந்துகொண்டே பூச்சி பிடிக்குமே, அந்தத் தகைவிலான் குருவிகள் வானத்தை நிறைத்தன. அமைச்சர் நல்லாதனாரை எப்படியாவது ஓரங்கட்ட வேண்டும் என்று வயிறெரிந்துகொண்டிருந்த பெருநம்பிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

"மன்னா, இவையும் தங்கள் குடிகளே. வகை பிரித்து ஊர் ஊராகப் பங்கிட்டுவிட்டால் ஒன்றும் தப்பாது."

உடனே வகை பிரித்தார். தொண்டை சிவந்து வால் நீண்டது அரசகுலம். மண்ணைக் குழைத்துக் குடுவை மாதிரி கூடு கட்டுவது குடிகுலம். பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கல் நிறத்தது படைக்குலம். பிறகு, சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுவது போலக் கட்டி ஊர்களுக்குக் கொடுத்தார். நாணலில் வந்து அடைகிற அரசகுலம் முழுவதும் ஓடைக்கரையின் தலையில் விழுந்தது. பங்கு காணாமல் போனால் ஊர்த்தலைவனின் வலக்கையை வெட்டுவது என்று தமுக்கும் அடித்தாயிற்று.

குளிருக்கு வந்த விருந்தாளியை வீட்டு ஆள் என்று எண்ணிவிட்டார் பண்டித மகானுபாவர்! அது தப்பு என்று நல்லாதனாருக்குத் தெரியும். ஊரில் மோர் விற்கிறவளுக்கும் தெரியும். ராஜாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமே! குருவிகள் திரும்பிப் போகும் பங்குனிக்குள் அவர் மனம் ஆறிவிடும், சட்டமும் மறந்துபோகும் என்று நல்லாதனார் வாயை மூடிக்கொண்டிருந்தார். மனம் ஆறவில்லை. குருவிகள் போய்விட்டன.

இப்போது வாசலில் வெட்டுக்கட்டையைப் போட்டுவிட்டு ஒருவன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நல்லாதனாரின் பல்லைக் கூசச் செய்தது. தன் மௌனத்துக்கு இன்னொருவன் கையா விலை?

அவர் எழுந்தார். "பெருநம்பியாரே, குடிகுலம் இருக்கிறதா?"

"ஓ, எல்லா ஊரிலும் இருக்கிறது."

"படைக்குலம்?"

"கோட்டைப் பாறையில் இருக்கிறது. போனது அரசகுலம் மட்டும்."

"வகை பிரித்ததில் தப்பு ஏதும்..."

"நான் பிரித்ததிலா? என் தலையைப் பந்தயம் வைக்கிறேன்!"

"வேண்டாம் ஐயா, உம்மிடமே இருக்கட்டும். தலைப்பாகை வைக்கவாவது ஆகும்." ராஜாவின் பக்கம் திரும்பினார். "மன்னா, அரசகுலத்து உயிர் சொல்லாமல் புறப்பட்டுவிட்டால், காவல் இருந்தவர் கை போக வேண்டும். அதுதானே சட்டம்?"

"அதுதான்."

"யாராக இருந்தாலும்?"

"யாராக இருந்தாலும்! என் சட்டத்தில் ஓரவஞ்சனை உண்டா?"

அடுத்த வார்த்தைக்கு நல்லாதனாரின் தலையே போகலாம். ஆனாலும் கேட்டார்.

"அப்படியானால், புரட்டாசியில் இளவரசியின் கட்டிலருகே காவல் இருந்தவர் யார்?"

வாசலில் அரிவாள் தீட்டும் சத்தம் நின்றது.

"ராஜத்துரோகம்!" என்று குதித்தார் பெருநம்பி.

"நீர் வாயை மூடும்." ராஜாவின் குரல் எழும்பவே இல்லை. தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்தார். "நான்தான் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்."

"நன்றாகப் பிடித்திருந்தீர்களா, மன்னா?"

"விடவே இல்லை, நல்லாதனாரே. விடவே இல்லை."

"மொக்கையனும் விடவில்லை, மன்னா."

பிறகு ராஜாவே இறங்கிவந்து மொக்கையனின் விலங்கைக் கழற்றினார். அவன் விடுபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றான். பெருநம்பியின் பட்டுத் தலைப்பாகை பறிக்கப்பட்டது. ஆற்று அடைப்பை உடைக்கப் போகிறவர்களோடு போய் மண் சுமக்கும்படி கட்டளை ஆயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நல்லாதனார் கழுத்தில் போட்டார். புண்ணைத் தொட்டதற்குக் கூலி மாதிரி அது கனத்தது.

அவை கலைய எழுந்தது. ராஜா மட்டும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குருவிகள் போகிற நாட்டுக்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்," என்றார். "அங்கே ஒரு விளக்கு ஏற்றி வைக்கச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு இருட்டென்றால் பயம்."