இடது பக்கத்து பிரேக்

"ஹைபிரிட்டா, எலக்ட்ரிக்கா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க மாஸ்டர்."

கேட்டவர் பொன்னுரங்கம். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் எடுத்த மனுஷன்.

மாஸ்டர் என்பது ஜெசிந்தா. சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பொன்னுரங்கத்துக்கு மகள் வயது. ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"போன வாரமும் இதையேதான் கேட்டீங்க சார்."

"போன வாரம் ஹைபிரிட்தான்னு இருந்தேன். உயரமான வண்டி. பேட்டரியும் உண்டு, பெட்ரோலும் உண்டு. நடுவழியில நம்மள விட்டுடாது."

"அப்ப அதையே எடுங்க."

"எலக்ட்ரிக் சின்ன வண்டி. சத்தமே இல்ல. வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம். செலவும் கம்மி."

"அப்ப அதை எடுங்க."

"மலை ஏறுறப்ப சார்ஜ் தீர்ந்துட்டா?"

"எந்த மலை சார்?"

"ஏற்காடு."

ஜெசிந்தா ஸ்கூல் ஜன்னல் வழியே பார்த்தார். மலை அங்கேயேதான் இருந்தது.

"இதோ இருக்கிற ஏற்காட்டுக்கா? ரெண்டு வண்டியும் போயிட்டுத் திரும்பியும் வந்துடும்."

"அது சரி. ஆனா ஹைபிரிட்ல இழுவை எப்படின்னு..."

"போதுங்க."

சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிவகாமி.

"எங்க அக்கா ஏற்காட்டுல படுத்த படுக்கையா கிடக்கா மாஸ்டர். தினமும் போன்ல என்னைக் கேக்குறா. எனக்கு முட்டி வலி, பஸ் படி ஏற முடியல. டாக்ஸி வைங்கன்னா, எதுக்கு டாக்ஸி, நாமதான் வண்டி வாங்கப் போறோமேங்கறார். மழைக்காலமே போயிடுச்சு. அவ இருக்கும்போதே நான் பாக்கணும்."

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெசிந்தா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். பயிற்சி வண்டியின் சாவி.

"அம்மா, பின்னாடி ஏறுங்க. சார், நீங்க ஓட்டுங்க."

"மலைக்கா? நானா?"

"நான்தான் பக்கத்துல இருக்கேனே."

அந்த வண்டியில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுப்பவர் கால் வைப்பதற்கு. பொன்னுரங்கம் இதுவரை அந்தக் கால் பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதே இல்லை. அந்தத் தைரியத்தில் கிளப்பினார்.

அடிவாரம் தாண்டியது. முதல் கொண்டை ஊசி வளைவு. ஹாரன் அடித்தார், கியரைக் குறைத்தார், ஏறினார்.

"எலக்ட்ரிக்ல இறக்கத்துல சார்ஜ் ஏறுமாமே மாஸ்டர்?"

"ஏறும். ரோட்டைப் பாருங்க."

அடுத்த வளைவு. அதற்கடுத்தது. கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு நின்றே போயின.

பாதி மலையில், வளைவை அடைத்துக்கொண்டு பஸ் ஒன்று இறங்கியது.

வண்டி சட்டென்று நின்றது. உரசவில்லை, பின்னால் உருளவுமில்லை. பஸ் போகட்டும் என்று கைபிரேக்கில் நிறுத்தி, கிளட்சை மெல்ல விட்டு மறுபடி ஏறினார்.

நெற்றி வியர்த்துவிட்டது.

"நல்லவேளை மாஸ்டர், நீங்க பிரேக் போட்டீங்க. இல்லன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்குமோ!"

ஜெசிந்தா அடுத்த வளைவைக் கை காட்டினார்.

பின்னாலிருந்து சிவகாமி சிரித்தார்.

"ஐயோ, அவங்க எங்கங்க போட்டாங்க? அடிவாரத்துலேர்ந்து சம்மணம் போட்டுல்ல உக்காந்திருக்காங்க!"

பொன்னுரங்கம் ஒரு கணம் திரும்பினார். மாஸ்டரின் இரண்டு காலும் சீட்டின் மேல் மடங்கியிருந்தன.

"ரோட்டைப் பாருங்க சார்."

பார்த்தார். மிச்ச மலையையும் ஏறினார். தோள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. உள்ளே கட்டிலிலிருந்து, "யாரு, சிவகாமியா?" என்று குரல் வந்தது. சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக் கதவைத் திறந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். நீங்களே சொல்லுங்க, ரெண்டுல எந்த வண்டி?" என்றார் ஜெசிந்தா.

சிவகாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"எதையாவது வாங்கட்டும். முன் சீட்டு எனக்கு."