உறை உரிக்காத மடிக்கணினி

“ஒரு குறையும் இல்லைங்க கோச்,” என்றான் சிவநேசன்.

ஆபிதா திரும்பிப் பார்க்கவில்லை.

“தேடினீங்களா?”

“தேடினேங்க.”

கோவை கணபதியில், மோட்டார் பம்பு கடை ஒன்றின் மாடி அது. ஐந்து பேர் கொண்ட அணி ஒன்று அங்கே கணினியில் போர் விளையாட்டு ஆடிப் பழகியது. கற்பிக்கும் ஆபிதாவுக்கு வயது இருபத்தைந்து. சிவநேசனுக்கு முப்பத்திரண்டு. ஆடவேண்டிய மேடைகளில் எல்லாம் ஆடி வென்றுவிட்டு, போதும் என்று விலகிக் கற்பிக்க வந்தவள் அவள். அந்த மாடியில் வயதை யாரும் பொருட்படுத்தியதில்லை.

சென்ற ஆண்டு அரையிறுதியில், சிவநேசனின் பழைய மடிக்கணினி ஆட்டத்தின் நடுவே சூடேறி அணைந்துபோயிற்று. அணி தோற்றது. எவரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த ஆண்டு இறுதிப் போட்டி. ஞாயிறன்று, பெங்களூரில்.

புது மடிக்கணினி வந்துவிட்டது. பழுது இருந்தால் இன்று மாலை ஆறு மணிக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மறுநாளே வேறொன்று வரும். தவறினால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே போனது தீபாவளிக்குள் திரும்பினால் அதிர்ஷ்டம்.

“எப்படித் தேடினீங்க?”

“திரையை வெள்ளையா, கறுப்பா, சிவப்பா வெச்சு, எங்கயாவது ஒரு புள்ளி செத்திருக்கான்னு பார்த்தேங்க. ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பார்த்தேன். ஸ்பீக்கர், கேமரா, வைஃபை எல்லாம் சுத்தமா இருக்குங்க.”

“எங்க வெச்சுப் பார்த்தீங்க?”

“சமையல் மேடையில. வீட்டுல அதுதாங்க ஆடாம இருக்கும்.”

“சூடாச்சா?”

“டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வெச்சிருந்தேங்க.”

“கேம் ஆடினீங்களா?”

“ஆடினேங்க.” சற்றுத் தயங்கினான். “மெதுவா.”

அணியின் கடைக்குட்டி ஜெரால்டு சிரித்துவிட்டான்.

“அண்ணன் பொண்ணு பார்க்கப் போயிருக்காரு கோச். பஜ்ஜி சாப்பிட்டு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிட்டு, எந்திரிச்சு வந்துட்டாரு.”

“உன் வேலையைப் பாருடா,” என்றான் சிவநேசன்.

ஆபிதா எழுந்து வந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். மூடியின்மேலும் விசைகளைச் சுற்றிலும் பிளாஸ்டிக் உறை அப்படியே ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு சந்தனப் பொட்டு, அதுவும் உறையின்மேல்தான்.

“இதை ஏன் உரிக்கலை?”

“புதுசுங்களே கோச். ஒருவேளை திருப்பி அனுப்ப வேண்டி வந்தா…”

“குறையே இல்லைன்னீங்க. எதுக்குத் திருப்பி அனுப்பணும்?”

சிவநேசன் உறையைக் கையால் நீவிவிட்டான்.

அவள் உறையின் நுனியை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். சர்ரென்ற அந்தச் சத்தத்தில் அவனுக்குத் தன் தோலே உரிவதுபோல் இருந்தது.

“உட்காருங்க,” என்றாள். மற்ற நால்வரிடமும் திரும்பினாள். “எல்லாரும் சேர்ந்து இவரை அடிங்க.”

ஆட்டம் தொடங்கியது.

பாய்ந்து தாக்குவதில் சிவநேசனுக்கு நிகர் அந்த மாடியில் இல்லை. இன்றோ அவன் சுவர் மறைவில் பதுங்கினான். பதுங்கிய இடத்திலிருந்து இன்னொரு மறைவுக்கு ஊர்ந்தான். நால்வரும் அவனைத் தேடி அலுத்தார்கள்.

“ஏன் ஒளியறீங்க?” என்றாள் ஆபிதா.

“சூடாகுதுங்க கோச்.”

“யாருக்கு?”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து அடித்துச் சற்று நேரமாகியிருந்தது.

ஆறு மணி வரை தாங்கிவிட வேண்டும். பெட்டி பிரித்த நாளிலிருந்து அவன் மனம் இதைத்தான் ஓயாமல் வேண்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குப் பிறகு என்ன என்று அது ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தன் வேண்டுதல் முதன்முறையாக அவன் காதில் விழுந்தது.

சிவநேசன் எழுந்தான். தலைக்குமேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தினான். ஆட்டத்தின் படத்தரத்தை உச்சத்தில் வைத்தான். சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துக்கொண்டு அமர்ந்தான்.

“வாங்கடா,” என்றான்.

மறைவைவிட்டு வெளியே பாய்ந்தான். முதல் ஆள் விழுந்தான். அடுத்தவன் திரும்புமுன் விழுந்தான். மடிக்கணினி மாவரைக்கும் கிரைண்டர்போல் இரைந்தது. விசைகள் விரலைச் சுட்டன. மூன்றாவது ஆள் விழுந்தான்.

“அண்ணா, கொஞ்சம் பார்த்து!” என்று அலறினான் ஜெரால்டு.

“ஓடுடா! எங்க போய் ஒளிவே?”

அவன் குறிபார்த்த அந்த நொடியில் திரையில் கோடுகள் ஓடின. படம் உறைந்தது. பிறகு எல்லாம் கறுத்தது.

சென்ற ஆண்டின் அதே மௌனம்.

சிவநேசன் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.

“செத்துடுச்சு!”

“அண்ணா… ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு?”

“செத்துடுச்சுடா! மணி அஞ்சரைதான்டா ஆகுது!”

ஜெரால்டு கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த கணம் மேசையை இரு கைகளாலும் அறைந்தான். மற்றவர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். என்ன கலவரமோ என்று கீழே பம்புக் கடைக்காரர் படிக்கட்டுவரை வந்து எட்டிப் பார்த்தார்.

ஆபிதா தன் கைபேசியின் கேமராவைத் திறந்து திரைக்கு நேராகப் பிடித்தாள்.

“இன்னொரு தடவை கொல்லுங்க.”

மறுபடி இயக்கி, கொன்றான். முன்னைவிட விரைவாகவே செத்தது. இறுதிப் போட்டியில் சிக்ஸர் அடித்ததுபோல் மாடி அதிர்ந்தது.

சிவநேசன் கம்பெனிக்குப் போன் போட்டான். பழுதைச் சொன்னான், ஆபிதா எடுத்த வீடியோவை அனுப்பினான். கூச்சலில் மறுமுனைப் பெண் இருமுறை திரும்பக் கேட்டாள். பிறகு பதிந்துகொண்டாள். நாளை மாற்று வந்துவிடும் என்றாள்.

“உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம் சார்.”

“அட, நீங்க ஏங்க வருத்தப்படறீங்க?” என்றான் சிவநேசன். “ஜெயிச்சுட்டோம்ங்க!”